முதல் டி.ஜே மிக்ஸ்: கன்ட்ரோலர் இல்லை, லேப்டாப் மட்டும். எந்த மென்பொருள்?

புதுமிக்ஸ்:
வணக்கம். 30 நிமிடத்துக்கு ஒரு மிக்ஸ் செய்ய வேண்டும். விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம், ஒரு வயர் ஹெட்போன், ஒரு ப்ளூடூத் ஹெட்போன். கன்ட்ரோலர் (டி.ஜே மிக்ஸ் செய்யும் தனிக் கருவி) இல்லை, இப்போதைக்கு வாங்கும் எண்ணமும் இல்லை. 10 பாடல்கள் கோப்பாகவே கையில் உள்ளன. பெரும்பாலும் 118 முதல் 128 பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகக் கணக்கு). அடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் ஒன்றின் முடிவை இன்னொன்றின் தொடக்கத்தின் மேல் வைத்தால், சேரும் இடத்தில் தாளம் இரட்டையாகக் கேட்கிறது. வேறு மென்பொருளுக்கு மாற வேண்டுமா? இலவசமாக இருந்தால் நல்லது.

இரட்டைத்தட்டு:
மென்பொருளுக்கு முன்னாடி ஒண்ணு முடிவு பண்ணுங்க: பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும்போது கையால மிக்ஸ் பண்ணி அதை அப்படியே பதிவு பண்ணப் போறீங்களா, இல்ல டைம்லைன்ல வெட்டி அடுக்கி உருவாக்கப் போறீங்களா? ரெண்டுக்கும் கருவி வேற. டி.ஜேயிங் கத்துக்கணும்னா முதல் வழி. ஒரே ஒரு நல்ல மிக்ஸ் கையில வந்தா போதும்னா ரெண்டாவது.

முதல் வழிக்கு மிக்ஸ் (Mixxx)னு ஒரு மென்பொருள். மூணு எக்ஸ் போட்ட பெயர், அதை வச்சே தேடுங்க. இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். கீபோர்டு, மவுஸ் வச்சே முழு மிக்ஸும் பண்ணலாம். பதிவு வசதியும் உள்ளேயே இருக்கு. விர்ச்சுவல் டி.ஜேயும் வீட்டு உபயோகத்துக்கு இலவசம்தான், அதுவும் நல்லது. செராட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ் ரெண்டும் கன்ட்ரோலரோட சேர்ந்து வேலை செய்யறதுக்காக வடிவமைச்சவை. கருவி வாங்கும்போது யோசிச்சுக்கலாம்.

நிறுவினதும் பிரிஃபரன்சஸ், சவுண்ட் ஹார்டுவேர்ல சாம்பிள் ரேட் 44,100 வைங்க, பஃபர் 23 மில்லிசெகண்ட் பக்கம் வைங்க. சத்தம் வெட்டி வெட்டி வந்தா 46க்கு ஏத்துங்க. லேப்டாப்ல ஒரே ஒரு ஹெட்போன் துளைதான் இருக்கும். அதனால ஹெட்போன் பகுதியில 'ஸ்ப்ளிட்' பொத்தானை அழுத்துங்க: இடது காதுல அடுத்த பாட்டு, வலது காதுல இப்ப ஓடுற மிக்ஸ். பதிவாகறது உள்ளே ஓடுற முதன்மை ஒலி. நீங்க காதுல கேக்கறது அதுல கலக்காது.

ப்ளூடூத் ஹெட்போனை எடுத்து வச்சிடுங்க. அதுல ஒலி 100 முதல் 200 மில்லிசெகண்ட் வரைக்கும், சில சமயம் அதுக்கும் மேல தாமதமா வரும். 124 பிபிஎம்ல ஒரு பீட்டோட நீளமே 484 மில்லிசெகண்ட்தான். ஸ்பீக்கர்ல ஒண்ணு, ப்ளூடூத்ல இன்னொண்ணுன்னு கேட்டுத் தாளம் சேர்க்கவே முடியாது.

அலைவரி:
டைம்லைன் வழி என்றால் அடாசிட்டியைவிட ரீப்பர் பொருத்தம். 60 நாள் எந்த வசதியும் குறையாமல் சோதித்துப் பார்க்கலாம். அதன்பின் உரிமம் வாங்க வேண்டும். அடாசிட்டியாலும் முடியும். 3.4 பதிப்பிலிருந்து கிளிப்பின் ஓரத்தை இழுத்து வேகத்தை மாற்றலாம். ஆனால் ஈக்யூவை (பேஸ், நடு, உயர் ஒலிகளின் அளவைத் தனித்தனியாக மாற்றும் வசதி) பாடல் ஓடும்போதே படிப்படியாக மாற்றும் வேலை அதில் சிரமம். எந்த மிக்ஸிலும் இணைப்பின் தரம் அந்த ஈக்யூவில்தான் இருக்கிறது.

ரீப்பரில் இரண்டு டிராக் போதும். ஒற்றைப்படைப் பாடல்கள் மேலே, இரட்டைப்படை கீழே. புராஜெக்டின் வேகத்தை 124 என வையுங்கள். ஒவ்வொரு பாடலையும் தேர்ந்து எஃப் 2 அழுத்தி, பிளேபேக் ரேட்டில் 'வேண்டிய பிபிஎம் ÷ பாடலின் பிபிஎம்' விடையை இடுங்கள். 122 பிபிஎம் பாடலுக்கு 124 ÷ 122 = 1.0164. 'பிரிசர்வ் பிட்ச்' குறியிட்டிருந்தால் சுருதி மாறாது. பிறகு பாடலின் முதல் கிக் (பேஸ் டிரம் அடி) கட்டக்கோட்டின் மேல் சரியாக உட்காரும்படி நகர்த்துங்கள்.

உங்கள் அடாசிட்டியில் தாளம் இரட்டையாகக் கேட்பதற்குக் காரணம் இந்த வேக வித்தியாசம்தான். 125க்கும் 125.1க்கும் இடையே ஒரு பீட்டுக்கு 0.38 மில்லிசெகண்ட் வித்தியாசம். 64 பீட் கடந்தால் 24 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். இரண்டு கிக்கும் தனித்தனியாகத் தட்டும். பிபிஎம்மை முழு எண்ணாக எடுக்காமல் இரண்டு தசம இடம் வரை பாருங்கள்.

புதுமிக்ஸ்:
இருவருக்கும் நன்றி. கத்துக்கொள்ளத்தான் ஆசை, அதனால் மிக்ஸ் நிறுவினேன். மூன்று சிக்கல்கள். ஒன்று: சிங்க் (இரண்டு பாடலின் தாளத்தைத் தானே பொருத்தும் பொத்தான்) அழுத்தியும் சில பாடல்களில் தாளம் விலகுகிறது. இரண்டு: ஒரு பாடலுக்கு 86 காட்டுகிறது, கேட்டால் மற்றவற்றின் வேகத்தில்தான் இருக்கிறது. மூன்று: இரண்டு பாடலும் சேரும் இடத்தில் பதிவு கரகரக்கிறது.

இரட்டைத்தட்டு:
சிங்க் பாட்டைக் கேட்டு வேலை செய்யறது இல்ல. மென்பொருள் போட்டு வச்சிருக்கிற பீட்கிரிட் கோடுகளை (பீட்டுக்கு ஒரு கோடு) ஒண்ணோட ஒண்ணு பொருத்தும், அவ்வளவுதான். கோடு தப்புன்னா தப்பை அழகாப் பொருத்தும்! குவான்டைஸ் (பீட்டோட ஒட்டி ஓட வைக்கற) பொத்தானும் எரியுதான்னு பாத்துக்குங்க.

அலைவடிவத்தைப் பெருசாக்கி, பாட்டோட ஆரம்பத்துல கிக்கும் கோடும் சேருதான்னு பாருங்க. அப்புறம் நடு, கடைசி. எப்படி விலகுதுங்கறதை வச்சுக் காரணம் தெரிஞ்சுடும்.

எல்லா இடத்துலயும் ஒரே அளவு விலகல்னா பிபிஎம் சரி, கோடு தொடங்கற இடம்தான் தப்பு. ஒரு கிக் மேல சரியா நிறுத்தி, பீட்கிரிட்டைச் சரிசெய்யற பொத்தானை அழுத்துங்க, தீர்ந்தது. ஆரம்பத்துல சரியா இருந்து போகப் போக விலகினா பிபிஎம் எண்ணே கொஞ்சம் தப்பு. பாட்டோட பிராப்பர்ட்டிஸ்ல போய் 0.05 அளவுல மாத்திப் பாருங்க. முன்னாடி போய், பின்னாடி வந்து, திரும்ப முன்னாடி போனா அது மனுஷர் வாசிச்ச டிரம்ஸ். அதுக்கு நிலையான வேகம் கிடையாது. பீட் டிடெக்‌ஷன் அமைப்புல 'அஸ்யூம் கான்ஸ்டன்ட் டெம்போ' குறியை எடுத்துட்டு அந்தப் பாட்டை மட்டும் மறுபடி அனலைஸ் பண்ணுங்க. முடிஞ்சதும் குறியைத் திரும்பப் போட்டுடுங்க, மத்த பாட்டுக்கெல்லாம் அதுதான் நல்லது. முதல் மிக்ஸுக்கு இந்த மாதிரிப் பாட்டை ஒதுக்கி வைக்கறதே என் யோசனை.

அந்த 86: மென்பொருள் பிபிஎம்மைப் பாதியா, இரட்டிப்பாக் காட்டற பிழை எல்லாருக்கும் தெரியும். இது 2/3 பிழையா இருக்கலாம். 86 × 1.5 = 129, உங்க மத்த பாட்டுகளுக்குப் பக்கத்துல வருது. 30 விநாடி கிக்கை எண்ணுங்க. 43 வந்தா 86, 64 அல்லது 65 வந்தா 129. பாட்டு மேல ரைட் கிளிக், பிபிஎம் மெனுவுல 3/2 இருக்கும். மாத்தினதும் பிபிஎம்மை லாக் பண்ணிடுங்க, இல்லன்னா அடுத்த அனலைஸ்ல பழைய எண் வந்துடும்.

அலைவரி:
மூன்றாவது சிக்கல் கிளிப்பிங், அதாவது ஒலி எல்லையைத் தாண்டி அலையின் உச்சி வெட்டுப்படுவது. ஒரே அளவுள்ள இரண்டு பாடல்கள் சேரும்போது மொத்த ஒலி சுமார் 3 டெசிபெல் கூடும். தாளம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தால் இரண்டு கிக்கும் ஒரே நொடியில் விழுந்து, அந்த இடத்தில் 6 டெசிபெல் வரை போகும். ஏற்கெனவே உச்சத்தைத் தொடும்படி மாஸ்டர் செய்த பாடல்களில் அதற்கு இடமே இல்லை. அப்படிப் பதிவான கோப்பை இரைச்சல் போகும்படி மீட்க முடியாது. பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் வெட்டுப்பட்ட அலை வெட்டுப்பட்டதுதான்.

இரண்டு டெக்கின் (பாடல் ஓடும் பகுதி) கெயினையும் (ஒலியளவு) இறக்கி, தனியாக ஓடும்போது உச்சம் −6 டெசிபெல் பக்கம் நிற்கும்படி வையுங்கள். அதைவிட முக்கியம் பேஸ். இரண்டு பாடலின் பேஸும் ஒருசேர ஓட விடாதீர்கள். புதுப் பாடலை லோ ஈக்யூ (பேஸ் குமிழ்) முழுவதும் மூடிய நிலையில் உள்ளே கொண்டு வாருங்கள். 16 அல்லது 32 பீட் கழித்து, ஒரு பாரின் (4 பீட் கொண்ட தொகுதி) முதல் பீட்டில், பழையதன் லோவை மூடிப் புதியதன் லோவைத் திறங்கள். கரகரப்பும் போகும், இணைப்பும் தெளிவாகும்.

எங்கே தொடங்குவது என்பதையும் எண்ணியே செய்யுங்கள். இந்த வகை இசை பெரும்பாலும் 8 பார், அதாவது 32 பீட் தொகுதிகளாக மாறும். 124 பிபிஎம்மில் 15.5 விநாடி. பழைய பாடலின் புதுத் தொகுதி தொடங்கும் அதே பீட்டில் அடுத்ததை ஓட விடுங்கள். இரண்டிலும் குரல் ஒரே நேரத்தில் வராத இடமாகப் பாருங்கள்.

புதுமிக்ஸ்:
எண்ணிப் பார்த்தேன், 129தான்! பேஸ் மாற்றும் முறையும் உடனே வேலை செய்தது. 118லிருந்து 129 வரை எல்லாவற்றையும் 124க்கு இழுக்கலாமா?

இரட்டைத்தட்டு:
வேண்டாம். 118ஐ 124 ஆக்கினா 5 சதவீதத்துக்கும் மேல. கீலாக் (வேகம் மாறினாலும் சுருதி மாறாம வைக்கற வசதி) இல்லன்னா சுருதி கிட்டத்தட்ட அரை ஸ்வரம் ஏறிடும் (6 சதவீதம் = ஒரு செமிடோன்). கீலாக் போட்டா குரலும் ஹைஹாட்டும் கொஞ்சம் மசமசக்கும். மெதுவான பாட்டுல ஆரம்பிச்சு வேகமானதுல முடியற மாதிரி வரிசை போடுங்க. ஒவ்வொரு இணைப்புலயும் 1, 2 பிபிஎம் மாறினா போதும். புதுப் பாட்டு தனியா ஓடும்போது டெம்போ ஸ்லைடரை மெல்ல அதோட சொந்த வேகத்துக்கு நகர்த்துங்க.

சுருதிக்கு 8ஏ, 9ஏ மாதிரிக் குறியீட்டைக் காட்டச் சொல்லி அமைப்புல மாத்திக்கலாம். எழுத்து மாறாம அதே எண், அல்லது ஒண்ணு கூட, ஒண்ணு குறைய இருக்கற பாட்டு இழையும். காது வேண்டாம்னா எண்ணை விட்டுடுங்க.

அலைவரி:
பதிவு வேவ் கோப்பாக இருக்கட்டும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் 30 நிமிடம் சுமார் 318 எம்பி வரும். பதிவு அமைப்பில் 'கியூ ஃபைல்' குறியை இட்டால் எந்த நிமிடத்தில் எந்தப் பாடல் என்ற பட்டியல் தானே கிடைக்கும். பிறகு அதே அடாசிட்டியில் திறந்து, முன்னும் பின்னும் உள்ள மௌனத்தை வெட்டி, நார்மலைஸில் உச்சத்தை −1 டெசிபெல்லுக்குக் கொண்டு வந்து, 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக ஏற்றுமதி செய்யுங்கள். சுமார் 72 எம்பி. மூல வேவ் கோப்பை அழிக்க வேண்டாம். எம்பி3யைத் திறந்து மறுபடி எம்பி3யாகச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் இறங்கும்.