‘விசீம்’ – தமிழில் வாயுருவனா, வாயுருவா?

வணக்கம்.

முக அசைவூட்டச் (facial animation) சொற்பட்டியலில் விசீமுக்கு (viseme) ‘உதட்டசைவு’ என்று இட்டிருக்கிறோம். அதை மாற்றக் கேட்கிறேன். விசீம் அசைவு அன்று. பார்வைக்கு ஒன்றாகவே தெரியும் ஒலிகளின் கூட்டம். ப, ம இரண்டும் காதுக்கு வேறு, கண்ணுக்கு ஒன்று. உதடு மட்டும் பேசுவதும் இல்லை. தாடை இறக்கம், பல், நாநுனி எல்லாம் சேர்ந்ததே அது. நாநுனி மேற்பல்லில் படுவது தெரியாமல் ‘த’ வராது.

1968இல் ஃபிஷர் என்ற ஆய்வாளர் இச்சொல்லை ஃபோனீமை ஒட்டியே அமைத்தார். நம் மொழியியலில் ஃபோனீம் (பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகு) ஒலியன், மார்ஃபீம் (பொருள் தரும் மிகச் சிறு அலகு) உருபன். அந்த வரிசையில் ‘வாயுருவன்’ என்பது என் முன்மொழிவு. ‘காணொலியன்’ வேண்டாம், காணொலி என்றாலே வீடியோ என்று ஆகிவிட்டது.

———

> அந்த வரிசையில் ‘வாயுருவன்’ என்பது என் முன்மொழிவு.

நல்ல சொல். ஆனால் ஒன்று போதாது ஐயா, இரண்டு வேண்டும். ஒலிக் கூட்டம் வேறு. மாடலர் முகவலையில் (முகத்தின் முப்பரிமாண மாதிரியில்) செதுக்கிவைக்கும் வடிவம் வேறு. எம்பெக்-4 (MPEG-4) என்ற பல்லூடகத் தரம் முக அசைவுக்கு 68 அளபுருக்களைத் (parameters) தருகிறது. முதலாவது விசீம், இரண்டாவது முகபாவம், மீதி 66 வாயோரம், இமை, புருவம் போன்றவற்றைத் தனித்தனியே நகர்த்துபவை. விசீம் அட்டவணையில் 14 கூட்டங்கள். எண் 1 என்றால் ப, ம வகை. அந்த எண்ணுக்கு ஒவ்வொரு முகத்திலும் வேறு வடிவம் செதுக்க வேண்டும். எண்ணுக்குரியது வாயுருவன், செதுக்கியது வாயுரு என்று பிரித்தால் ஆவணம் எழுதுகிறவருக்குக் குழப்பம் இராது.

அந்த 14 கூட்டங்களைத் தமிழுக்கு அப்படியே எடுக்கவும் முடியாது. பெரிய சிக்கல் குற்றியலுகரம். ‘பாக்கு’, ‘எட்டு’ என்பவற்றின் இறுதி உகரத்தில் இதழ் குவிவதில்லை. உரையை ரோமன் எழுத்தாக்கி ஆங்கிலத்துக்கான உதட்டசைவு மென்பொருளுக்குக் கொடுத்தால் அது ‘யு’வைக் கண்டதும் உதட்டைக் குவித்துவிடுகிறது, பாத்திரம் ஒவ்வொரு சொல் முடிவிலும் முத்தமிடுவதுபோல் தெரியும். ‘குரு’வில் குவிய வேண்டும், ‘பாக்கு’வில் கூடாது. ஆகவே உகரத்துக்கு இரண்டு வாயுருவன். இலக்கண விதியை மட்டும் நம்பவும் வேண்டாம்: ‘அது’ முற்றியலுகரம், ஆனால் பேச்சில் அதன் இறுதியும் பெரும்பாலும் குவிவதில்லை. குரல் பதிவோடு நடிகரின் வாயையும் படம்பிடித்து ஒப்பிடுவதே வழி.

ள, ழ, ண மூன்றிலும் நா உள்ளே மடிவதால் முன்னிருந்து பார்த்தால் வேறுபாடு மிகக் குறைவு. ஒரே கூட்டத்தில் போடலாம். வகரத்தைப் பகரத்தோடு சேர்க்கக் கூடாது. தொல்காப்பியம் பகர மகரத்துக்கு ‘இதழியைந்து’ என்றும் வகரத்துக்குப் ‘பல்லிதழ் இயைய’ என்றும் அன்றே பிரித்துவிட்டது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் ‘இதழ்குவிந்து’. வாயுருவன்களின் பெயர்களை அங்கிருந்தே எடுக்கலாம்: இதழியை, பல்லிதழ், இதழ்குவி.

———

பிரிவை ஏற்கிறேன். விளக்கக் குறிப்பில் ஒன்று சேர வேண்டும். வாயுருக்களை நேர்கோட்டில் கலந்து, மென்மையாக்கும் வடிகட்டியும் போட்டால் ‘இதழியை’ முழுதாக மூடாமலே கடந்துவிடும். நொடிக்கு 24 சட்டகத்தில் (frame) அந்த அடைப்பு இரண்டு சட்டகம் நின்றாலே பெரிது; ஐந்து சட்டகச் சராசரி அதைத் தின்றுவிடும். ஆகவே இதழியைக்கு முன்னுரிமை எடை (கலவையில் அந்த வடிவத்தின் பங்கு, 1.0 என்றால் முழுது) கொடுத்து, ஒரு சட்டகமாவது எடை 1.0 எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். க, ங போன்றவை பக்கத்து உயிரின் வாயுருவை எடுத்துக்கொள்ளலாம். ‘கூ’ சொல்லும்போது ககரத்திலேயே இதழ் குவிந்துவிடுகிறது.

பட்டியலுக்கு:
விசீம் – வாயுருவன்
விசீம் வடிவம் – வாயுரு
விசீம் அட்டவணை – வாயுருவன் அட்டவணை

‘உதட்டசைவு’ லிப்சிங்கின் (குரலோடு வாயசைவைப் பொருத்துவது) பகுதியாக மட்டும் இருக்கட்டும்: உதட்டசைவு ஒத்திசைப்பு. மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.