102 கிலோ ஆள், 29 இன்ச் மலை சைக்கிள்: பின் டயர் பஞ்சர், ஸ்போக் முறிவு. எதை முதலில் மாற்றுவது?

உட்லண்ட்ஸ்29:
வணக்கம். உயரம் 174 செ.மீ., எடை 102 கிலோ, இலக்கு 82. வண்டி 14 கிலோ அலுமினிய ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் அதிர்வு தாங்கி உள்ள சைக்கிள்). 100 மி.மீ. அமுங்கும் காற்று ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை), முன்னால் ஒற்றை 34 பல் சக்கரம், பின்னால் 11 முதல் 42 பல் வரை பத்து கியர். டயர் 2.1 இன்ச், டியூப் போட்டது. வார நாட்களில் சிங்கப்பூரின் பார்க் கனெக்டர், ரயில் காரிடார் பாதைகள். சனிக்கிழமை செஸ்ட்நட் மலை சைக்கிள் தடம்.

மூன்று பிரச்சினை. பின் டயரில் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்தால் பஞ்சர், 45 வைத்தால் ஈர வேரில் சறுக்குகிறது. பின் சக்கரத்தில் (28 ஸ்போக் கம்பி) மூன்று மாதத்தில் இரண்டு முறிந்துவிட்டன. ஏற்றத்தில் முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது. கார்பன் சக்கரம் போட்டால் எல்லாம் தீரும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். கையில் 600 வெள்ளி இருக்கிறது. டயரையும் பாகங்களையும் இப்போதே மாற்றலாமா, எடை குறைந்த பிறகா?

ஆரக்கால்32:
தம்பி, கார்பன் சக்கரம் வேண்டாம். அதில் அரை கிலோ மிச்சமாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு, வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து இப்போது 118 கிலோ. அதில் அரை கிலோ என்பது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. எடை குறைந்த பாகங்கள் பலவற்றுக்கு ஓட்டுபவர் எடை வரம்பும் உண்டு, அட்டையில் படித்துப் பாருங்கள்.

பழைய டியூபை எடுத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல் இருந்தால் முள்ளோ கண்ணாடியோ காரணமில்லை. கல்லில் இடிக்கும்போது டயர் முழுக்க நசுங்கி, ரிம் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் சிக்கிக் கிழிந்திருக்கிறது. 2.1 டயருக்குள் இருக்கும் காற்று உங்கள் எடைக்குப் போதாது. அழுத்தத்தை ஏற்றினால் டயர் கல்லாகிவிடும், வேர் மேல் படியாமல் துள்ளும். அகலமான டயரில் குறைந்த அழுத்தம், டியூப் இல்லாமல். அதுதான் வழி.

ஸ்போக் எந்த இடத்தில் முறிந்தது? ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பக்கத்து வளைவிலா, நிப்பிள் (ரிம்மில் கம்பியைப் பூட்டும் திருகு) பக்கத்து மறையிலா?

உட்லண்ட்ஸ்29:
இரண்டும் வளைவில்தான் அண்ணே. கேசட் (பின் கியர் பல்சக்கரத் தொகுதி) இல்லாத பக்கம். டியூபில் நீங்கள் சொன்ன மாதிரியே இரட்டைக் கீறல்.

ஆரக்கால்32:
அப்படியென்றால் கம்பியின் இழுவை (இறுக்கம்) போதவில்லை. சுமை ஏறியதால் கம்பி அறுந்தது என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தரையைத் தொடும் பக்கத்துக் கம்பி கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகும். முதலிலேயே தளர்வாக இருக்கும் கம்பி உங்கள் எடையில் முழுக்கத் தொய்ந்துவிடும். வளைவு முன்னும் பின்னும் ஆடிக் களைத்து முறிகிறது. கேசட் இல்லாத பக்கத்தில் இழுவை எப்போதுமே குறைவு, அதனால் அங்கே முதலில் போகும். இணையாக ஓடும் இரண்டு கம்பிகளை விரலால் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கேசட் பக்கம் விறைப்பாக நின்று, மறுபக்கம் கொழகொழவென்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டு போய்விட்டால் மீதிக் கம்பிகளும் அதே களைப்பில்தான் இருக்கும். ஒன்றொன்றாக மாற்றுவது வீண் செலவு. பின் சக்கரத்தை மட்டும் புதிதாகக் கட்டுங்கள்: 32 துளை ஹப், உள் அகலம் 27 மி.மீ. டியூப்லெஸ் அலுமினிய ரிம், இரு முனையும் 2.0, நடுவில் 1.8 மி.மீ. ஸ்போக், பித்தளை நிப்பிள். கேசட் பக்கம் 110 முதல் 120 கிலோ இழுவை, ரிம் தயாரிப்பாளர் அனுமதிக்கும் உச்சத்துக்குள். மறுபக்கம் அதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு வரும், அது இயல்பு. மீட்டரில் அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் திரும்பக் கொண்டுபோய் இழுவை பார்க்கச் சொல்லுங்கள்.

செஸ்ட்நட் மண்:
டயரை நான் சொல்கிறேன். செஸ்ட்நட்டில் காய்ந்த நாளில் மண் கெட்டி, எந்த டயரும் ஓடும். மதிய மழைக்கு மறுநாள் வேர்கள்தான் சிக்கல். வேரில் பிடிப்பது பல்லின் உயரமல்ல, ரப்பரின் மென்மையும் குறைந்த அழுத்தமும்தான். முன்னால் மென் ரப்பர், பக்கப் பல் தெளிவாகப் பிரிந்தது, 2.35: நாபி நிக் என்ற டயர் போன்றது. பின்னால் நடுப்பல் நெருக்கமானது, 2.25: மேக்சிஸ் ரெகான், எக்ஸோ என்ற வலுவான பக்கச்சுவரோடு. பின்னாலும் முழுப்பல் டயர் போட்டால் ரயில் காரிடாரில் இழுத்துக்கொண்டு நிற்கும். வார நாள் ஓட்டம் கசந்துபோனால் எடைக் குறைப்பும் அதோடு நின்றுவிடும். வாங்கும் முன் பின் சட்டத்தில் டயரின் இரு பக்கமும் 6 மி.மீ. இடைவெளி மிஞ்சுமா என்று அளந்து பாருங்கள். ஈரச் செம்மண் ஒட்டினால் அதற்குக் குறைவான இடைவெளி அடைத்துக்கொள்ளும்.

ஆரக்கால்32:
முன்னால் 2.35 என்பதில் எனக்கு ஒரு தயக்கம். முன் ரிம் உள் அகலம் எவ்வளவு? 19 மி.மீ. என்றால் குறைந்த அழுத்தத்தில் வளைவில் டயர் பக்கவாட்டில் மடங்கும், 2.25 போதும்.

உட்லண்ட்ஸ்29:
அளந்தேன், முன் ரிம் 23 மி.மீ. டியூப்லெஸ் முத்திரை இருக்கிறது. பின் சட்டத்தில் 2.25-க்கு 7 மி.மீ. மிஞ்சும். அழுத்தம் எவ்வளவு வைக்க?

ஆரக்கால்32:
23 என்றால் 2.35 தாராளம். 102 கிலோவுக்குப் பின்னால் 28, முன்னால் 25 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். பம்பின் முள்ளை நம்பாதீர்கள், தனி டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள். இந்த அளவில் 2 பிஎஸ்ஐ தப்பினால் வண்டியே வேறு மாதிரி போகும். ரிம்மில் டொக்கென்று இடித்தால் 1 கூட்டுங்கள். வேரில் துள்ளினால் 1 குறையுங்கள்.

டயருக்குள் முதல் முறை 100 மி.லி. அடைப்புத் திரவம் (டியூப் இல்லாத டயரில் சிறு ஓட்டையை உள்ளிருந்தே அடைப்பது). நம் வெயிலில், அதுவும் வீட்டு வாசல் நடைபாதையில் நிறுத்தும் வண்டியில், அது சீக்கிரம் காயும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு கீழ்ப்பக்கம் சாய்வாக வருமாறு சக்கரத்தைத் திருப்பி, காற்றை விட்டு, வால்வின் உள் ஊசியைக் கழற்றி ஒரு மெல்லிய கேபிள் டையை விட்டுப் பாருங்கள். நுனியில் ஈரம் ஒட்டாவிட்டால் 60 மி.லி. சேர்க்க வேண்டும்.

தே ஓ கோசோங்:
இப்போதா, எடை குறைந்த பிறகா என்ற உங்கள் கேள்விக்கு விடை அந்த இரண்டு மாதத்திலேயே இருக்கிறது. வாரம் அரை கிலோ என்ற கணக்கில் இறங்கினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 4 கிலோ. 4 கிலோவுக்கு 1 பிஎஸ்ஐ குறைப்பது சரியான விகிதம். ஆக திரவம் பார்க்கும் அதே நாளில் அழுத்தத்தையும் குறைத்துவிடுங்கள். 82 வரும்போது பின்னால் 23, முன்னால் 20 பக்கம் நிற்பீர்கள். டயர் அதேதான், எடை குறையட்டும் என்று காத்திருக்க அவசியமில்லை.

ஃபோர்க்கையும் அதே நாளில் பாருங்கள். வழக்கமான உடையில் பெடல் மேல் நின்றால் 100-ல் 20 முதல் 25 மி.மீ. அமுங்க வேண்டும். எடை குறையக் குறைய அமுக்கம் குறையும், காற்றை இறக்குங்கள். காற்று இறங்கினால் ஃபோர்க் திரும்பி எழுவது மந்தமாகும், ரீபவுண்ட் திருகை ஒரு கிளிக் திறந்துவிடுங்கள்.

முழங்காலுக்கு: முன்னால் 34, பின்னால் 42 பல் என்பது உங்கள் எடைக்குக் கனமான கியர். ஏற்றத்தில் நிமிடத்துக்கு 50 சுற்றுகூட வராது, முட்டி முழுச் சுமையையும் வாங்கும். முன் பல்லை 30 ஆக்குங்கள். கிராங்க் (பெடல் கை) 104 மி.மீ. நான்கு போல்ட் வகை என்றால் சாதாரண 30 பல் பொருந்தாது, மறை வெட்டிய தனி வடிவம் கேளுங்கள். செயினில் ஒரு இன்ச் குறைக்க வேண்டும். வேகம் போய்விடுமே என்ற கவலை வேண்டாம். 30-க்கு 11-ல் 80 சுற்று மிதித்தால் மணிக்கு 30 கி.மீ., பார்க் கனெக்டர் வரம்போ 25. சீட் தாழ்வாக இருந்தாலும் இதே வலி வரும். குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக வேண்டும்.

எடையைப் பற்றி ஒன்று. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. நடுத்தர வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் உங்கள் எடைக்கு 600 பக்கம் செலவாகும். ஓட்டம் முடிந்ததும் இரண்டு புராட்டா, ஒரு தே தாரிக் (பால் தேநீர்) என்றால் அதில் பெரும்பங்கு திரும்பிவிடும். சாப்பாட்டு நேரத்தோடு ஓட்டத்தை முடித்துக்கொண்டு அந்தச் சாப்பாட்டையே சாப்பிடுங்கள், கூடுதலாக ஒன்று வேண்டாம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் குறைவது வியர்வை, கொழுப்பில்லை. காலையில் ஒரே நேரத்தில் பார்த்து ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால் தொடங்கும் முன்பே பாலிகிளினிக்கில் சொல்லிவிடுங்கள், எடை இறங்கும்போது அளவை மாற்ற நேரிடும்.

செஸ்ட்நட் மண்:
முன் பிரேக் ரோட்டர் (பிரேக் தட்டு) 160 மி.மீ. தானே? பின் சக்கரத்துக்கும் டயருக்கும் போக மிச்சத்தில் 180 போடுங்கள், ஃபோர்க் அனுமதிக்கும் அளவைப் பார்த்துவிட்டு. ரோட்டரில் ரெசின் பேட் மட்டும் என்று எழுதியிருந்தால் மெட்டல் பேட் போடாதீர்கள், ரோட்டர் தேய்ந்துவிடும். புது பேட் என்றால் சமதரையில் 20 முறை, நிற்கும் அளவுக்கு வேகம் குறைத்து விட்டு விட்டுப் பிடித்துப் பழக்கிய பிறகே இறக்கத்துக்குப் போங்கள்.

உட்லண்ட்ஸ்29:
நன்றி அண்ணே, எல்லோருக்கும். முதலில் பின் சக்கரம், இரண்டு டயர், 30 பல். ரோட்டர் அடுத்த மாதம். ஹப் 135 மி.மீ., குவிக் ரிலீஸ். 32 துளையில் கிடைக்குமா?

ஆரக்கால்32:
கிடைக்கும். இப்போதைய கேசட் ஏறும் சாதாரண ஃப்ரீஹப் உள்ளதாகவே கேளுங்கள், இல்லையென்றால் கேசட்டும் வாங்க வேண்டிவரும். பழைய ரோட்டர் ஆறு போல்ட்டா, நடுப்பூட்டா (சென்டர்லாக்) என்று பார்த்து ஹப்பையும் அதே வகையில் எடுங்கள்.