இரண்டாம் முறை ஓடவிட்டபோது என்ன நடந்தது?

நள்ளிரவுப்பணி:

சர்வரைத் தானாக அமைக்கும் ஸ்கிரிப்டை எழுதி, அது முதல் முறை பிழையில்லாமல் ஓடி முடியும்போது வருகிற மகிழ்ச்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைப் பற்றி யாரும் எழுதவேண்டாம். அதே ஸ்கிரிப்டை அதே சர்வரில் இன்னொரு முறை ஓடவிட்டபோது என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

வெறும் லினக்ஸ் போட்ட மெய்நிகர் சர்வர் ஒன்றைக் கொடுத்தால், பயனர் கணக்குகள், வெப் சர்வர், டேட்டாபேஸ், இரவு 2 மணி பேக்கப் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். பேக்கப்புக்கான வரியை எக்கோ கட்டளையால், இரட்டை அம்புக்குறி போட்டு (இருப்பதைத் தொடாமல் கடைசியில் ஒரு வரி சேர்க்கும் குறி அது), குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரானின் கோப்பில், அடியில் சேர்த்திருந்தேன். பிறகு எந்தச் சிறு மாற்றம் வந்தாலும் ஸ்கிரிப்டைத் திருத்தி முழுவதையும் மறுபடி ஓடவிடுவேன். ஒழுங்கான ஆள் என்று என்னைப் பற்றி எனக்கே பெருமை வேறு.

சில மாதங்களில், இரவு 2 மணி ஆனால் சர்வர் மூச்சுத் திணற ஆரம்பித்தது. ரேமைப் பார்த்தேன், டிஸ்கைப் பார்த்தேன், கடைசியில் மேலதிகாரியிடம் கெஞ்சி ரேமை இரண்டு மடங்காக்கினேன். திணறல் குறையவில்லை. ஒருநாள் தற்செயலாகக் கிரான் பட்டியலைத் திறந்தால் ஒரே வரி பதினொரு முறை நிற்கிறது. பதினொரு பேக்கப்புகள் ஒரே நொடியில் தொடங்கி, ஒரே பெயருள்ள கோப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தன. சர்வர் திணறியதைவிடப் பெரிய விஷயம் அதுதான். அந்தக் கோப்புகளில் ஒன்றைக் கூடத் திறக்க முடியவில்லை. அத்தனை மாதமும் எங்களிடம் பேக்கப்பே இருந்திருக்கவில்லை. டேட்டாபேஸ் கெடாமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

கறுப்புத்திரை:

என் கதை ஸ்கிரிப்டைப் பற்றியதல்ல, டெம்ப்ளேட்டைப் பற்றியது. இங்கேயும் இரண்டாவதில்தான் வினை.

ஒரு மெய்நிகர் சர்வரை நன்றாகத் தயார் செய்து, ஒருமுறை இயக்கிப் பார்த்து, நிறுத்தி, அதை டெம்ப்ளேட்டாக வைத்தேன். அதிலிருந்து முதல் நகல் எடுத்தேன், அருமையாக வேலை செய்தது. இரண்டாவது நகல் எடுத்தேன். அன்று மாலை உடன் வேலை செய்பவர் வந்து, "சார், நான் வைத்த கோப்பு காணாமல் போகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறது" என்றார். தூங்கி எழுந்து வாருங்கள் என்று சிரித்து அனுப்பிவிட்டேன். மறுநாள் அதே அனுபவம் எனக்கு.

இரண்டு சர்வர்களுக்கும் ஒரே ஐபி முகவரி. நகலெடுக்கும்போது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி மாறிவிடுகிறது என்பதால், ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி வெவ்வேறு முகவரிகளைத்தான் கொடுக்கும் என்று நம்பியிருந்தேன். ஆனால் லினக்ஸில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, மேக் முகவரியைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்வதில்லை. ஈடிசி கோப்புறையில் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பிலிருந்து தனக்கு ஓர் அடையாளம் செய்துகொள்கிறது. அந்தக் கோப்பும் டெம்ப்ளேட்டோடு சேர்ந்து நகலாகிவிட்டது. டிஎச்சிபி சர்வரைப் பொறுத்தவரை வந்தது ஒரே ஆள்தான்.

இதில் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது வேறு ஒன்று. வேறு இயந்திரத்துக்குள் நுழைகிறாய் என்று, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் எச்சரித்திருக்கவேண்டும் அல்லவா? எச்சரிக்கவில்லை. சர்வரின் எஸ்எஸ்எச் சாவிகளும் டெம்ப்ளேட்டில் இருந்து அப்படியே வந்திருந்தன. இரண்டும் ஒரே முகவரி, ஒரே சாவி. எந்தக் கதவைத் திறக்கிறோம் என்றே தெரியாமல் ஒரு நாள் முழுவதும் வேலை செய்திருக்கிறோம்.

இப்போது டெம்ப்ளேட்டை மூடுவதற்கு முன் மெஷின்-ஐடி கோப்பை வெறுமையாக்குகிறேன். கோப்பை நீக்குவதில்லை, உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்கிறேன். அடுத்த முறை இயங்கும்போது புதிதாக ஒன்று உண்டாகிறது. எஸ்எஸ்எச் சாவிகளையும் அழித்துவிடுகிறேன், முதல் இயக்கத்தில் சர்வரை அமைக்கும் கிளவுட்-இனிட் புதிதாகச் செய்துகொள்கிறது. அந்த உடன் பணியாளரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பொறிவேலை:

சின்னதாக ஒன்று. சர்வர்களை அமைக்கும் கருவியான ஆன்சிபிளில் ஒரு கோப்பின் அனுமதியை 644 என்று எழுதினேன். மேற்கோள் குறி இல்லை, முன்னால் சுழியும் இல்லை. ஆன்சிபிள் கோப்புகளின் எழுத்து வடிவமான யாமல் அதை அறுநூற்று நாற்பத்து நான்கு என்ற சாதாரண எண்ணாக எடுத்துக்கொண்டது. கோப்பு அனுமதிகளோ எட்டின் அடிமான எண்கள். அதை எட்டின் அடிமானத்துக்கு மாற்றினால் 1204. அதாவது கோப்பின் சொந்தக்காரர் எழுதலாம், படிக்கக்கூடாது. ஊரார் எல்லோரும் படிக்கலாம். உள்ளே இருந்தது டேட்டாபேஸ் கடவுச்சொல்.

நிழல்கணினி:

நண்பர்களே, இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் யாருக்காவது உதவட்டும்.

எழுதிக் கொடுத்தபடி சர்வர்களை உருவாக்கவும் அழிக்கவும் செய்யும் கருவியான டெர்ராஃபார்மில் நான்கு சர்வர்களை ஒரு பட்டியலாக எழுதி, கவுண்ட் என்ற வசதியால் உருவாக்கியிருந்தேன். 0, 1, 2, 3 என்று வரிசை எண்கள். இரண்டாவதாக இருந்த சர்வர் தேவையில்லை என்று முடிவானது. பட்டியலில் அந்தப் பெயரை அழித்தேன். ஒரு சர்வரை நீக்குகிறோம், ஒன்று போகும், அவ்வளவுதான் என்பது என் கணக்கு.

டெர்ராஃபார்மின் கணக்கு வேறு. அதற்குப் பெயர் முக்கியமல்ல, வரிசை எண்தான் முக்கியம். இரண்டாவதை எடுத்ததும் மூன்றாவது அதன் இடத்துக்கு நகர்ந்தது, நான்காவது மூன்றாவதின் இடத்துக்கு நகர்ந்தது. ஆக 1ஆம் எண்ணில் இருப்பதன் பெயர் மாறிவிட்டது, அழித்துப் புதிதாகக் கட்டு. 2ஆம் எண்ணிலும் அதே கதை. 3ஆம் எண் இப்போது பட்டியலிலேயே இல்லை, அதையும் அழி. செய்யப்போவதை முன்கூட்டியே காட்டும் திட்டத்தின் கடைசி வரி தெளிவாகச் சொன்னது: 2 சேர்க்க, 0 மாற்ற, 3 அழிக்க.

நான் படித்தேன். சத்தியமாகப் படித்தேன். அழிக்க என்ற சொல்லை எதிர்பார்த்தேன், அது இருந்தது. எண்ணை மட்டும் பார்க்கவில்லை. யெஸ் என்று மூன்று எழுத்தையும் முழுதாகத் தட்டினால்தான் அது வேலையைத் தொடங்கும், அப்படித் தட்டியதும் நான்தான்.

நான்காவது சர்வரில் டேட்டாபேஸ் இருந்தது. முந்தைய இரவின் பேக்கப் திறந்தது (மேலே முதலில் எழுதியவரைப் போல ஆகியிருந்தால் என் கதி என்ன என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்). ஒரு பகல் வேலை மட்டும் போயிற்று.

அதன் பிறகு கவுண்ட் பக்கமே போவதில்லை. ஃபார்-ஈச் என்று எழுதினால் ஒவ்வொரு சர்வரும் தன் பெயராலேயே பதிவாகிறது, நடுவிலிருந்து ஒன்றை எடுத்தால் அது மட்டும் போகிறது. டேட்டாபேஸ் இருக்கும் சர்வருக்கு பிரிவென்ட்-டெஸ்ட்ராய் என்ற ஒரு வரியும் உண்டு. அதை அழிக்கவேண்டிய திட்டம் வந்தால் டெர்ராஃபார்ம் பிழை காட்டி நின்றுவிடும்.

பழையமுனையம்:

நிழல்கணினி தம்பி, வருந்தாதீர்கள். இந்தத் தொழிலில் ஒரு சர்வரையாவது தவறாக அழிக்காதவர் இன்னும் சர்வரைத் தொடவில்லை என்று பொருள்.

இழையைத் தொடங்கியவரின் கேள்வி புதிதல்ல. 1993இல் மார்க் பர்ஜெஸ் சிஎஃப்என்ஜின் என்ற சர்வர் அமைக்கும் கருவியை எழுதியதன் அடியில் இருந்த எண்ணமே இதுதான். என்னென்ன செய்யவேண்டும் என்று வரிசையாகக் கட்டளையிடாதே, இயந்திரம் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்று சொல். எங்கிருந்து தொடங்கினாலும் அது அந்த நிலைக்கு வந்து நிற்கவேண்டும், வந்து நின்றபின் எத்தனை முறை ஓடினாலும் அசையக்கூடாது. பிறகு வந்த பப்பெட், ஷெஃப், ஆன்சிபிள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் ஆன்சிபிளுக்குள்ளேயே வெறும் கட்டளைகளை ஓடவிடும் ஷெல் மாட்யூலைத் திறந்து எக்கோவும் இரட்டை அம்புக்குறியும் எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கருவி மாறியது, கை மாறவில்லை.

என் பங்குக்கு ஒன்று. இருபது சர்வர்களின் ஃபயர்வாலை ஒரே நேரத்தில் மாற்றினேன். எல்லாக் கதவையும் மூடு என்ற விதி முதலில் போயிற்று, எஸ்எஸ்எச் கதவைத் திற என்ற விதி அடுத்த படியில் போகவேண்டியது. அடுத்த படி போய்ச் சேர வழி ஏது? இருபதையும், நெட்வொர்க் இல்லாமலே நுழைய உதவும் கன்சோல் வழியாக ஒவ்வொன்றாகத் திறந்தேன். இப்போது ஆன்சிபிளில் சீரியல் 1 என்று எழுதி முதலில் ஒரே ஒரு சர்வரில் விடுகிறேன். ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன், பத்து நிமிடத்தில் பழைய விதிகளைத் திரும்பப் போடும்படி ஏட் கட்டளையில் ஒரு வேலையும் வைக்கிறேன். உள்ளே நுழைய முடிந்தால் அதை ரத்து செய்கிறேன். முடியாவிட்டால் தேநீர் குடித்துவிட்டு வருகிறேன்.

மூன்றேசர்வர்:

எல்லாம் படித்தேன். என்னிடம் இருப்பது மூன்று சர்வர்கள். ஒரு குறிப்பேட்டில் படிகளை எழுதி வைத்துக் கையாலேயே செய்கிறேன். கிரானில் பதினொரு வரியும் இல்லை, நான்காவது சர்வர் காணாமல் போகவும் இல்லை. இவ்வளவு பாடுபட்டு என்ன மிச்சம்?

நிழல்கணினி:

மூன்றுக்குக் குறிப்பேடு போதும் என்றுதான் நானும் சொல்வேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து மட்டும், வேறு எதையும் பார்க்காமல், நான்காவது ஒன்றை அமைத்துப் பாருங்கள்.

மூன்றேசர்வர்:

அமைத்துப் பார்த்தேன். ஏழாவது படியில் நின்றுவிட்டது. எப்போதோ இரவில் அவசரத்துக்குச் செய்த ஒரு மாற்றம் குறிப்பேட்டில் ஏறவில்லை. எந்த மாற்றம் என்று இன்னும் தேடுகிறேன். வம்பில் மாட்டிவிட்டீர்கள்.

பொறிவேலை:

இன்னும் இரண்டு, சுருக்கமாக.

புதிய சர்வர் எழுந்த உடனே என் ஸ்கிரிப்ட் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை நிறுவப் போகும். சில நாள் நிறுவும், சில நாள் நிறுவாது. காரணம், உபுண்டு லினக்ஸ் முதல் முறை எழும்போது பின்னணியில் தானாகவே அப்டேட் செய்யத் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நிறுவ விடும் டிபிகேஜி பூட்டைப் பிடித்துக்கொள்கிறது. பூட்டு கிடைக்காமல் என் கட்டளை தோற்றது, தோற்றதைக் கவனிக்காமல் ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போயிற்று. மென்பொருளை நிறுவும் ஏபிடி கட்டளையிடமே பூட்டுக்காக எத்தனை நொடி காத்திருக்கவேண்டும் என்று சொல்லிவிடலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. இப்போது, பிழை வந்தால் அங்கேயே நில் என்பது என் ஸ்கிரிப்டுகளின் முதல் வரி.

இன்னொன்று: சர்வரை அழித்து அழித்து மறுபடி கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட், இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டிடம் போய் அதே டொமைன் பெயருக்குப் புதிய சான்றிதழ் கேட்டது. ஒரே பெயர்த் தொகுப்புக்கு ஏழு நாளில் ஐந்துதான் என்பது அவர்கள் விதி. ஆறாவது முறை கிடைக்கவில்லை. சோதனைக்கென்றே அவர்கள் தனியாக ஸ்டேஜிங் வைத்திருக்கிறார்கள், ஆவணத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஆவணத்தைப் படித்தது ஆறாவது முறைக்குப் பின்.

நள்ளிரவுப்பணி:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. பழையமுனையம் ஐயா எழுதியதைப் படித்தபின் ஒரு வேலை செய்தேன். இப்போது எங்களிடம் எல்லாம் ஆன்சிபிளில்தான் இருக்கிறது, அரை மணிக்கு ஒருமுறை தானாக ஓடுகிறது. எதையும் மாற்றாமல், நேற்று இரவு அடுத்தடுத்து இரண்டு முறை கையால் ஓடவிட்டேன். இரண்டாம் முறை மாற்றம் 0 என்று வரவேண்டும். 1 என்று வந்தது. மூன்றாம் முறையும் 1.

தேடியபோது அகப்பட்டது: வெப் சர்வரின் அமைப்புக் கோப்புக்கான டெம்ப்ளேட்டில், முதல் வரியாக, இந்தக் கோப்பு உருவான நேரம் என்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். பார்ப்பவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நானே வைத்ததுதான். நேரம் மாறுவதால் ஒவ்வொரு முறையும் கோப்பு மாறுகிறது, கோப்பு மாறியதால் வெப் சர்வர் மறுதொடக்கம் ஆகிறது. அரை மணிக்கு ஒருமுறை, நாளுக்கு நாற்பத்தெட்டு முறை.

சில வாடிக்கையாளர்கள் கோப்பைப் பதிவேற்றும்போது நடுவில் அறுந்துபோகிறது என்று வெகுநாளாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் இணைய இணைப்பைச் சரிபாருங்கள் என்று அவர்களுக்குப் பதில் எழுதியதும் நான்தான். அந்த வரியை நீக்கியாயிற்று. இப்போது அவர்களுக்கு எழுதவேண்டிய கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.