பூடுவார் ஷூட்டுக்கு முன்னாடி உடம்பும் மனசும்: உங்கள் அனுபவம்?

மந்தைவெளி மல்லி:
பூடுவார் ஷூட், அதாவது உள்ளாடை மாதிரி உடையில் நமக்கென்று அந்தரங்கமாக எடுத்துக்கொள்கிற படங்கள். அதற்கு எப்படித் தயாராவது என்று தேடினால் தண்ணீர் குடி, நன்றாகத் தூங்கு என்றுதான் வருகிறது. எனக்கு உறுத்திக்கொண்டிருப்பது வேறு.

ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டு மாடி. எடுத்தது ஒரு பெண், உதவிக்கு இருந்ததும் பெண். நாற்பதாவது பிறந்தநாளுக்கு எனக்கு நானே வாங்கிக்கொண்ட பரிசு. வீட்டுக்காரருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. வேக்சிங்கை இரண்டு நாள் முன்பே முடித்தாயிற்று. உள்ளாடைத் தடம் பதிந்தால் மறைய மணிக்கணக்கில் ஆகும் என்பதால் தொளதொள நைட்டியிலேயே, மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கால்டாக்சியில் போய் இறங்கினேன். உடை மாற்றி வந்து நின்றதும் அந்தப் பெண் கேமராவை இறக்கிவிட்டுக் கேட்டாள்: “அக்கா, தாலி இருக்கட்டுமா, கழட்டிடறீங்களா?”

லிப்ஸ்டிக் நிறம், சிசேரியன் தழும்பு எல்லாம் யோசித்திருந்தேன். இதை யோசிக்கவே இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் கழற்றிக் கொடுத்தபோது ஒன்றுமே தோன்றவில்லை, இங்கே கை தானாகப் போய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. அவள் ஏ.சி. ரிமோட்டைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டாள், நல்ல பெண். கடைசியில் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன். முதுகு தெரிகிற ஒரே படத்தில் மட்டும் தாலி தொங்குகிறது. அதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொன்னேன், ஏனென்று இன்றுவரை புரியவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது?

டீச்சரம்மா_பெரம்பூர்:
எனக்குப் பாவாடை நாடாத் தடம். தினமும் புடவைதான், இடுப்பைச் சுற்றிக் கருத்துப்போன கோடு. தேங்காய் எண்ணெய், கற்றாழை, எலாஸ்டிக் பேண்ட் எதற்கும் அசையவில்லை. எடுத்தவர், “எடிட்டிங்ல எடுத்துடலாம் மேடம்” என்று லேப்டாப்பில் பெரிதாக்கி, என் கண் முன்னாலேயே அந்தக் கோட்டைத் துடைத்துக் காட்டினார். பளபளவென்று யாரோ ஒருத்தியின் இடுப்பு. “சார், அதைத் திரும்பப் போடுங்க” என்றேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அண்ணாநகர்_அமுதா:
டீச்சர், எடுத்தவர் ஆணா? கூட யாராவது வந்தார்களா? தப்பாகச் சொல்லவில்லை, என்னால் முடியாது. மல்லி அக்கா, தாலி போட்டுக்கொண்டு இந்த மாதிரி படம் எடுப்பதும் எனக்கு ஒருமாதிரிதான் இருக்கிறது. முழுசாகக் கழற்றிவிடலாம், இல்லை எடுக்காமலே இருக்கலாம்.

டீச்சரம்மா_பெரம்பூர்:
அமுதா, எனக்குப் பிரசவம் பார்த்த டாக்டரும் ஆண்தான். தங்கையைக் கூட்டிப்போனேன், அவள் மூலையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். தாலி விஷயத்தை மல்லியிடமே விட்டுவிடுவோம்.

கப்பல்காரர்_வீட்டம்மா:
என் கதை சின்னது. அவர் கப்பலுக்குத் திரும்புமுன் ஆல்பம் கையில் இருக்க வேண்டும், அதனால் கத்திரி வெயிலிலேயே வைக்க வேண்டியதாயிற்று. கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை போட்டு முன்பக்கமிருந்து வெளிச்சம் விழும்படி எடுத்தார்கள், பாதிக்கு மேல் தெரியவில்லை. பக்கவாட்டு வெளிச்சம்தான் ஒவ்வொரு பொரியையும் காட்டிக்கொடுக்கும்.

இனி யாரும் கேட்காததைச் சொல்கிறேன். மனசைத் தயார் செய்வது என்றால் கண்ணாடி முன் நின்று “நான் அழகு” என்று சொல்வது மட்டும் இல்லை, காகிதத்தையும் படிக்க வேண்டும். எனக்குப் பாதி பயம் அங்கேதான் போனது. காசு கொடுத்து நீங்கள் எடுக்கச் சொன்ன படம் என்றால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 17ஆம் பிரிவுப்படி அதன் முதல் உரிமையாளர் நீங்கள்தான். ஆனால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரைதான். ஸ்டூடியோ நீட்டுகிற தாளில் ‘பதிப்புரிமை எங்களுக்கே’, ‘விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி இருந்தால் கதையே மாறிவிடும். என் தாளிலும் இருந்தது. பேனாவால் அடித்துவிட்டு, இரண்டு பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம்.

எடுக்கச் சம்மதித்தது வேறு, பரப்பச் சம்மதிப்பது வேறு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. எடுக்க மட்டும் சம்மதித்த அந்தரங்கப் படத்தை மற்றவர்களுக்குப் பரப்பினால் அதுவே குற்றம். ‘நீதானே போய் நின்றாய்’ என்று யாரும் வாயடைக்க முடியாது. இன்னொன்று, சம்மதமில்லாமல் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) என்று ஒரு தளம் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் போகும். இதில் சேர்ந்திருக்கிற சமூக வலைத்தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கும். ஸ்டூடியோ மெமரி கார்டை எப்போது அழிப்பார்கள், மூலப் படங்கள் எங்கே இருக்கும், இதையெல்லாம் முன்பணம் கட்டுமுன்பே கேளுங்கள். முகம் சுளித்தால் அங்கே வேண்டாம்.

அப்புறம், முந்தின நாள் கருவாடு, அப்பளம், ஊறுகாய் வேண்டாம். உப்பு சேர்ந்தால் முகம் உப்பும். அதற்காகப் பட்டினியும் கிடக்காதீர்கள்.

திருவல்லிக்கேணி_தேனு:
கப்பல் அக்கா, யாரும் சட்டம் கேட்கவில்லைதான், ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன் 😄

எனக்கு ஷூட்டை விட அதற்கு முந்தின நாள்தான் மறக்கவில்லை. ஒற்றை பெட்ரூம் வீடு. பீரோ கண்ணாடி முன்னால், முதுகை வளைத்து, தோளைத் திருப்பி, மோவாயைத் தூக்கி ஒத்திகை. தாழ்ப்பாள் சரியாக விழாது. அம்மா காபியோடு உள்ளே வந்துவிட்டார். நான் வளைந்தபடியே நிற்கிறேன். “என்னடி, முதுகு பிடிச்சுக்கிச்சா?” ஆமாம் என்றேன், வேறென்ன சொல்வது? உட்காரவைத்து அயோடெக்ஸ் தேய்த்துவிட்டார். அழுத்தித் தேய்த்ததில் தோள் உண்மையிலேயே இளகிவிட்டது. போகும்போது, “நாளைக்குப் போறப்ப நல்ல செருப்பா போட்டுட்டுப் போ” என்றார். நாளைக்கு எங்கேயோ போகிறேன் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லையே!

மந்தைவெளி மல்லி:
தேனு, அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அமுதா, கழற்றவும் முடியவில்லை, எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை, அதனால்தானே இங்கே எழுதினேன். கப்பல் அக்கா, அடித்த அந்த வரியை அப்படியே இங்கே போடுங்களேன். என் தாளை இன்னும் முழுசாகப் படிக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.