பத்து ஆராங் நிலக்கரி: புகழ் யாருக்கு?

பழைய கிராணி (பத்தாங் பெர்ஜுந்தை):
கோயில் திருவிழா மலருக்கு வட்டார வரலாறு எழுதுகிறேன். மலாயன் கோலியரீஸ் என்ற நிலக்கரிச் சுரங்க நிறுவனம் இல்லாவிட்டால் சிலாங்கூரில் நம் பக்கத்து ஊரான பத்து ஆராங் வெறும் காடு. 1913-இல் நிறுவனம் அமைத்து 1915-இல் கரி வெட்டத் தொடங்கினார்கள். ஜே. ஏ. ரஸல் துணிந்து முதல் போட்டார். குவாங்கிலிருந்து தண்டவாளம் வந்தது. மலாயாவின் ரயில் ஓடியதும் கோலாலம்பூரின் பங்சார் மின் நிலையம் இயங்கியதும் அந்தக் கரியால்தான். பாராட்டினால் என்ன குறைந்துவிடும்?

பால்மரத்தான்:
ஐயா, முதல் போட்டவர் பெயர் இருக்கிறது. மண்ணுக்கடியில் இறங்கியவர்கள் எங்கே? சீனர்களும் நம்மவர்களும் உழைத்த இடம் அது. நடுவில் ஒப்பந்தக்காரன், கூலி அவன் கை வழியாகத்தான் வரும். தோட்டத்தில் கூலிகளை மேய்த்த கங்காணியைக் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1937 மார்ச்சில் சுமார் 6,000 பேர் வேலையை நிறுத்திச் சுரங்கத்தையே கைக்குள் கொண்டுவந்தார்கள். போலீசும் ராணுவமும் புகுந்துதான் மீட்டன. மலரில் அதற்கு இடமுண்டா?

பழைய கிராணி:
தம்பி, பின்னால் நின்றது கம்யூனிஸ்ட் கட்சி. 'சோவியத்', அதாவது தொழிலாளர் ஆட்சி, அமைத்துவிட்டார்கள் என்று அரசாங்கமே பதறியது. கோயில் மலரில் அந்த வம்பு எதற்கு?

பால்மரத்தான்:
கட்சி இருந்ததை மறுக்கவில்லை. வயிறு நிறைந்தவனை எந்தக் கட்சி திரட்டும்? பொருளாதார மந்தக் காலத்தில் குறைத்த கூலியை, ஈயமும் ரப்பரும் விலை ஏறிய பிறகு திருப்பிக் கேட்டார்கள். அது வம்பா?

ரவாங் ரயில்காரன்:
இருவரும் கரியையே மறந்துவிட்டீர்கள். பத்து ஆராங் கரி இளங்கரி. வெளியே கொட்டிவைத்தால் காய்ந்து பொடியாகும். குவியலுக்குள் தானாகவே சூடேறித் தீப்பற்றும். தூரதேசத்துக்குக் கப்பலேற்றி விற்கிற சரக்கா அது? உள்ளூர் ரயில், ஈயக் கப்பல் (ஈயமண் வாரும் மிதவை இயந்திரம்), மின் நிலையம் இவற்றை நம்பித்தான் பிழைப்பு. போருக்குப் பின் அவை எண்ணெய்க்கு மாறின. 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலைநிறுத்தத்தின் மேல் பழி போடுகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

பழைய கிராணி:
நான் பழி போடவில்லையே! அப்படிப்பட்ட கரியை வைத்து 45 ஆண்டுகள் ஓட்டியது சாமர்த்தியம் அல்லவா? செங்கல் சூளை, பிளைவுட் ஆலை வேறு நடத்தினார்கள்.

பால்மரத்தான்:
ஜப்பானியர் ஆண்ட ஆண்டுகளையும் சேர்த்துத்தானே 45? சூளையின் புகைபோக்கியைப் படம் பிடித்து அட்டையில் போடுவீர்கள். ஊருக்கடியில் கிடக்கிற சுரங்கப் பாதைகளால் அங்கே உயரமான கட்டடத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறதே, அதை எந்தப் பக்கத்தில் போடுவீர்கள், ஐயா?