பிரீமியரிலிருந்து ரிசால்வுக்கு மாற்றும்போது வெட்டுகள் இடம் மாறுகின்றன

கேள்வி:
வணக்கம். 18 நிமிடக் குறும்படம் ஒன்றைப் பிரீமியர் புரோவில் தொகுத்து, வண்ணச் சீரமைப்புக்காக எக்ஸ்எம்எல் கோப்பு (தொகுப்பின் விவரங்களை வேறு மென்பொருளுக்குக் கடத்தும் கோப்பு) வழியே டாவின்சி ரிசால்வுக்குக் கொண்டுசென்றேன். பெரும்பாலான ஷாட்டுகள் சரியாக அமர்ந்தன. ஆனால் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்திருந்த ஓட்டக் காட்சியில், கால் தரையைத் தொடும் இடத்தில் விழ வேண்டிய வெட்டு சில ஃபிரேம்கள் தள்ளி விழுகிறது. ஈடிஎல் கோப்புக்கு (வெட்டுகளின் பட்டியல்) மாறினால் சரியாகுமா?

மறுமொழி 1:
ஆகாது, ஈடிஎல் எக்ஸ்எம்எல்லைவிடப் பழைய, எளிய வடிவம், ஒரு வீடியோ டிராக்கைத்தான் முறையாகச் சுமக்கும். எக்ஸ்எம்எல்லும் படத்தைச் சுமப்பதில்லை. எந்தக் கோப்பில் எந்த டைம்கோடு (ஃபிரேமின் நேர எண்) முதல் எதுவரை என்ற குறிப்பையே முதன்மையாகச் சுமக்கிறது என்பதால், வேக வளைவுகளையும் நடுக்கம் நீக்கும் எஃபெக்டுகளையும் அடுத்த மென்பொருள் அப்படியே புரிந்துகொள்ளும் என்று நம்ப முடியாது. அந்த ஷாட்டை மட்டும், வண்ணம் எதுவும் சேர்க்காமல், புரோரெஸ் 4444 என்ற உயர்தர வடிவில் ரெண்டர் செய்து (புதிய வீடியோ கோப்பாக எடுத்து) டைம்லைனில் மாற்றி வைத்த பிறகு எக்ஸ்எம்எல் எடுங்கள். நெஸ்ட்டுகளையும் (ஒரே கிளிப் போல ஒன்றாகக் கட்டிய பகுதிகள்) முன்பே பிரித்துவிடுங்கள்.

மறுமொழி 2:
ஃபிரேம் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்கள் என்பது) பாருங்கள். 23.976க்குப் பதிலாக 24 என்று வைத்துவிட்டால், 18 நிமிடத்தில் ஏறத்தாழ 26 ஃபிரேம்கள் விலகும். பிரீமியரிலிருந்து எடுத்த, டைம்கோடு பதித்த ஒப்பீட்டு வீடியோவையும் ரிசால்வில் ஏற்றி, வெட்டுக்கு வெட்டு ஒப்பிடுங்கள், சலிப்பான வேலைதான்.

கேட்டவர்:
ஃபிரேம் ரேட் சரியாகவே இருந்தது. ஷாட்டை ரெண்டர் செய்து வைத்ததும் வெட்டு இடத்தில் விழுந்துவிட்டது. நன்றி.