பேக்கிமெட்ரி: கருவிழித் தடிமன் அளவீடு?

வணக்கம். கண் மருத்துவச் சொற்பட்டியலுக்கு, பேக்கிமெட்ரி (கண்ணின் முன்புறப் படலமான கார்னியாவின், அதாவது கருவிழியின், தடிமனை அளக்கும் சோதனை) = தடிப்பளவியல், கருவி = தடிப்புமானி என்று பரிந்துரை வந்திருக்கிறது. ஏற்கலாமா?

-----

> தடிப்பளவியல்

வேண்டாம். மருத்துவத்தில் தடிப்பு என்றதும் தோலில் எழும் தடிப்புதான் நினைவுக்கு வரும். நலமான கருவிழியே நடுவில் ஏறத்தாழ 540 மைக்ரான் இருக்கும். நீர்கோத்து வீங்கினால் அது கூடும். இரண்டையும் இதே கருவிதான் அளக்கிறது என்பதால் வீக்கத்தை நினைவூட்டும் சொல் ஆகாது. அளவியல் என்பது துறைக்குப் பெயர், இதுவோ சில நொடிச் சோதனை.

கருவிழித் தடிமன் அளவீடு, கருவிழித் தடிமன்மானி என்று வைக்கலாம். வெறும் தடிமன்மானி என்றால் இரும்புக் குழாயின் சுவரை அளப்பவர்களும் உரிமை கொண்டாடுவார்கள். அவர்கள் கையிலும் மீயொலிக் கருவிதான்!

-----

> கருவிழி

கார்னியா ஒளிபுகும் படலம் ஆயிற்றே, கருமை எங்கே? விழிவெண்படலம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்று: ஈழத்தில் தடிமன் என்றால் சளி. பருமனை அங்கே தடிப்பு என்றே எழுதுவார்கள்.

-----

விழிவெண்படலம் என்றால் கேட்பவர் கண்ணின் வெள்ளையைத்தான் தொட்டுக் காட்டுவார். கருவிழி மாற்று அறுவை சிகிச்சை என்பது ஊரறிந்த வழக்கு, அதைக் கலைக்க வேண்டாம். கருவிழித் தடிப்பு என்பதை இணைச்சொல்லாகப் போடலாம்.

ஆனால் ஒரே சொல்லோடு பதிவு முடியாது. முறையும் முன்னொட்டாக வரவேண்டும். மீயொலி முறையில் மரப்புச் சொட்டு விட்டு, ஆய்முனையை நடுவில் செங்குத்தாக, அழுத்தாமல் வைக்கிறோம். முன்பரப்பு, பின்பரப்பு இரண்டிலிருந்தும் திரும்பும் எதிரொலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கருவிழிக்குள் ஒலி செல்லும் வேகத்தால் (நொடிக்கு 1640 மீட்டர்) பெருக்கிப் பாதியாக்கினால் தடிமன். 540 மைக்ரானுக்கு அந்த இடைவெளி ஒரு மைக்ரோநொடியில் மூன்றில் இரண்டு பங்குதான். முனை சாய்ந்தால் அளவு கூடும். நடுவை விட்டு விலகினாலும் கூடும், ஓரம் தடித்தது என்பதால். அழுத்தினால் மட்டும் குறையும். அதனால் அழுத்தாத கை உள்ளவர்கள் பலமுறை அளந்து சிறும அளவை எடுத்துக்கொள்வதுண்டு. ஆல்கஹாலால் துடைத்த முனை உலராமல் பட்டால் மேற்படலம் புண்ணாகும்.

ஒளியியல் முறை கண்ணைத் தொடாது. இரண்டின் எண்களும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. எனவே மீயொலிக் கருவிழித் தடிமன் அளவீடு, ஒளியியல் கருவிழித் தடிமன் அளவீடு என இரு பதிவுகள்.

-----

ஒப்புகிறேன். கூடவே நடுத்தடிமன், சிறுமத் தடிமன் இரண்டும் தனித்தனிச் சொற்களாக வேண்டும். கூம்புக் கருவிழியில் (கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய்) மிக மெல்லிய இடம் பெரும்பாலும் நடுவுக்குக் கீழே இருக்கும். நடுத்தடிமனை மட்டும் பார்த்தால் நோய் தப்பிவிடும். கண்ணழுத்தத்தைச் சீர்தூக்க நடுத்தடிமன் போதும்: கோல்ட்மான் அழுத்தமானி 520 மைக்ரானை அடிப்படையாகக் கொண்டது, அதைவிட மெல்லிய கருவிழியில் அழுத்தம் குறைத்தே காட்டும். லேசிக் சிகிச்சையில் கருவிழியின் மேலடுக்கை மடலாகத் தூக்கி, அடியில் லேசரால் செதுக்கிப் பார்வையைச் சீராக்குவார்கள்; அதற்குப் பின் மடலுக்கு அடியில் மிஞ்சுவதற்கு எஞ்சு தடிமன். அது 250 மைக்ரானுக்குக் கீழே போகக் கூடாது என்பதையும் விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

-----

சேர்த்தாயிற்று. சிறுமத் தடிமனுக்குப் பக்கத்தில் "இடத்தையும் குறிக்க" என்று ஒரு வரி போட்டிருக்கிறேன்.